காலண்டரைத் தூக்கிப் போடலாமா, டாக்டர்?

வாசகர் கடிதம் (சுருக்கியது):

டாக்டர் ஐயா, எனக்கு வயது 61. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் மகள், மருமகனோடு இருக்கிறேன். சர்க்கரை பத்து வருஷமாக உண்டு. மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரில் தினமும் ஒரு வரி எழுதுவது என் பழக்கம். 2025 காலண்டரை இப்போதுதான் சுவரிலிருந்து கழற்றினேன். ஜனவரியில் அக்காவும் நானும் சேர்ந்து பொங்கல் வைத்தது அதில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அக்கா பால்குடம் எடுத்தது இருக்கிறது. மார்ச் 19 விடியற்காலை அக்கா போய்விட்டாள். மாரடைப்பு. அவளுக்கு 66 வயது, வீடு அடுத்த புளோக்தான். முதல் நாள் ராத்திரி, "நெஞ்சுல வாய்வு அடைக்குதுடி" என்றாள். நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மே மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். ஜூலையில் அக்கி வந்தது. செப்டம்பரில் மூன்று மாதச் சர்க்கரை 6.9லிருந்து 8.4க்குப் போய்விட்டது. தீபாவளி கொண்டாடவில்லை. ஆனால் பேத்திக்கு யாருக்கும் தெரியாமல் புதுச்சட்டை போட்டுவிட்டேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் குளியலறைக்குள் போய் அழுதேன். எல்லோரும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதல் சொல்கிறார்கள். கூடப் பிறந்தவளை யாரும் கேட்பதில்லை. தூக்கமே இல்லை. மகள், "கெட்ட வருஷம்மா, அந்தக் காலண்டரைத் தூக்கிப் போடு" என்கிறாள். பேத்தி பிறந்ததும் அதே வருஷம்தானே? அக்கா போனதால்தான் அக்கி வந்ததா? சிரிக்கிற எனக்கு இருப்பது துக்கம்தானா? காலண்டரின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம்)

பதில்:

அம்மா, காலண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். முப்பது வருஷமாக நோயாளிகளிடம் "எப்போதிலிருந்து வலி?" என்று கேட்டு, "கொஞ்ச நாளா" என்ற பதிலையே வாங்கிப் பழகியவன் நான். உங்கள் பன்னிரண்டு பக்கங்களைப் பார்த்ததும், எல்லா நோயாளியும் இப்படி ஒரு காலண்டர் வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மளிகைக் கடைக்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் ஒன்றை நான் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 3ஆம் தேதிக் கட்டத்தில் "அக்கா கூப்பிட்டால் போய்விடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் இப்படிச் சொல்வது உண்டு. பல நேரம் அதற்கு "அவளைப் பார்க்கணும்" என்பதுதான் பொருள். ஆனாலும் கேட்காமல் விட முடியாது: இப்போதும் அப்படித் தோன்றுகிறதா? உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போகிறதா? ஆம் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், மகளை எழுப்பிச் சொல்லுங்கள். 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். மனநலத்துக்கென்றே 2025இல் தொடங்கிய 1771 எண்ணும் இருக்கிறது. மகளிடம் சொன்னால் பயந்துவிடுவாளே என்று யோசிக்காதீர்கள். பயப்படட்டும். அதற்குத்தான் மகள்.

இல்லை, அது அந்த ஒரு நாளோடு போய்விட்டது என்றால், மேலே படியுங்கள்.

அக்கியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் இன்றே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஜூலை 8: "முதுகில் எரிச்சல், ப்ளவுஸ் பட்டாலே வலி." ஜூலை 9: "கொப்புளம்." ஜூலை 10: "எதிர்வீட்டு அம்மா காவி பூசினார்." ஜூலை 13: "டாக்டர்." நடுவில் நான்கு நாள் போய்விட்டது. அக்கிக்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் எழுதிக்கொண்டு வந்த தலைமுறைதான் எதிர்வீட்டு அம்மாவும். காவி கெடுதல் செய்திருக்காது. நாளைத்தான் தின்றுவிட்டது.

அக்கா போனதால் அக்கி வந்ததா? சின்ன வயதில் சின்னம்மை போட்டதல்லவா, அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகவே போகாது. நரம்பின் வேரில் சுருண்டு படுத்திருக்கும். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி குறையும்போது, சர்க்கரை சேர்ந்துகொள்ளும்போது, எழுந்து நரம்பு வழியே தோலுக்கு வரும். மன உளைச்சல்தான் அதை எழுப்பியது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. 61 வயதும் பத்து வருஷச் சர்க்கரையுமே போதுமான காரணங்கள். அக்காவின் மேல் இந்தப் பழியைப் போட வேண்டாம்.

அந்த மூன்று வாரம் நீங்கள் பேத்தியைத் தூக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியான முடிவு. அக்கி அக்கியாகத் தொற்றாது, ஆனால் கொப்புள நீர் பட்டால் கைக்குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தள்ளியிருப்பது நல்லது. "தூக்க முடியவில்லை" என்று தினமும் எழுதி எழுதி, ஜூலை 30 அன்று மட்டும் எதையும் எழுதாமல் ஒரு பூ வரைந்திருக்கிறீர்கள். அன்று தூக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். நவம்பரிலும் டிசம்பரிலும் தூக்கமில்லை என்று எழுதிய இரவுகளை எண்ணிப் பார்த்தேன், 37. அவற்றில் பாதிக்கு மேல் "எரிச்சல்" என்ற வார்த்தையும் கூட இருக்கிறது. டிசம்பர் 14இல், "பெனடோல் ரெண்டு, கேட்கவில்லை." அம்மா, இது துக்கத்தால் வந்த தூக்கமின்மை மட்டும் கிடையாது. அக்கி ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்கு இது மசியாது. இதற்கென்றே கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. தோலில் ஒட்டி வலியை மரத்துப்போகச் செய்யும் பிளாஸ்டரும் உண்டு. தலைசுற்றல் வரலாம் என்பதாலும், சிலவற்றைச் சிறுநீரகம் பார்த்துத்தான் அளவிட வேண்டும் என்பதாலும் டாக்டர் சொல்லிக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். அக்காவை நினைத்துத்தான் விழித்திருக்கிறோம் என்று எண்ணி இந்த வலியை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். விழித்திருக்கும்போது அக்கா நினைவு வருவது இயற்கை. எழுப்பிவிட்டது நரம்பு.

அப்புறம் ஒரு தகவல். அக்கிக்குத் தடுப்பூசி உண்டு, இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். ஒரு தடவை அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். இங்கே 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2025 செப்டம்பரிலிருந்து மானியம் கிடைக்கிறது. எப்போது போடலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அத்தானுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு வருவோம். இங்கேதான் உங்கள் காலண்டர் என்னைக் கொஞ்சநேரம் அசையாமல் உட்கார வைத்தது. ஜனவரியிலிருந்து மார்ச் 18 வரை அநேகமாக எல்லாக் கட்டத்தின் மூலையிலும் "ந" என்று ஒரு எழுத்து இருக்கிறது. முதலில் புரியவில்லை. ஏதோ நட்சத்திரக் கணக்கு என்று நினைத்தேன். ஜனவரி 4இல் "ந. நீர்நாய் 5. அக்கா எண்ணினாள்" என்று இருந்தது. அப்போது புரிந்தது: நடை. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் காலை நடை. அந்தக் கால்வாய் முழுக்க சிமெண்டாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2012இல் அதை உடைத்து ஆறாக்கிய பிறகுதானே அங்கே நீர்நாய் வந்து நம் மீனைத் தின்கிறது.

மார்ச் 18க்குப் பிறகு ஒரு "ந" கூட இல்லை. வருஷம் முடியும்வரை, ஒன்றுகூட.

மூன்று மாதச் சர்க்கரை என்கிறோமே, அது இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆக, செப்டம்பர் பரிசோதனை சொன்னது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கதை. அந்த மாதங்களில் என்ன நடந்தது? நடை இல்லை. மகளின் பத்தியச் சாப்பாட்டை நீங்கள்தான் சமைத்திருக்கிறீர்கள், மிச்சத்தையும் நீங்கள்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள் (ஜூன் 6: "பூண்டுக் குழம்பு வீணாகக் கூடாதே"). பிள்ளை பெற்றவளுக்குக் கிளறிய லேகியத்தையும் ருசி பார்த்திருக்கிறீர்கள், ஒரு தடவைக்கு மேல். ஜூலையில் அக்கி, உடம்பில் வலியும் தொற்றும் இருக்கும்போது சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்கள் சுரக்கும். தூக்கம் கெட்டால் இன்னும் ஏறும். 8.4 என்பது இத்தனையும் சேர்ந்த எண். மருத்துவர் மாத்திரையைக் கூட்டியது சரியே, அதை நிறுத்தாதீர்கள். ஆனால் 6.9 என்ற எண்ணை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தது மாத்திரை மட்டுமில்லை. தினமும் காலை ஆறரைக்கு வந்து கதவைத் தட்டிய அக்காவும்தான். அவள் போனதில் உங்கள் மருத்துவத்தில் ஒரு பகுதியும் போய்விட்டது. பலதுறை மருந்தகத்தின் கணினியில் இதைப் பதிய ஒரு பெட்டி கிடையாது.

ஓமத் தண்ணீரைப் பற்றி. அந்த இரவில் நீங்கள் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா என்பதற்கு நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் அது பொய். சொல்லக்கூடியது இது: பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பல நேரம் சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. வாய்வு, வயிற்றுப் பொருமல், முதுகு வலி, தாடை வலி, மூச்சிரைப்பு, காரணமில்லாத சோர்வு என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும். என் சொந்த அத்தை ஒருநாள் "வாய்வுடா தம்பி" என்றபோது, டாக்டராகிய நான் அவர் கையில் அமில மாத்திரையைக் கொடுத்தேன். அவர் இன்று உயிரோடு இருப்பது அத்தை மகன் என்னை நம்பாமல் ஆம்புலன்ஸுக்கான 995ஐக் கூப்பிட்டதால். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுதப் போவதில்லை. நம் இருவருக்கும் கண்முன் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, உங்களுக்கு இல்லாமல் போனது. (மற்ற வாசகர்களுக்கு: ஐம்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவருக்கு, புதிதாக நெஞ்சடைப்பு வந்து வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே 995. டாக்சி தேடாதீர்கள்.)

கூடப் பிறந்தவளை யாரும் கேட்பதில்லை என்றீர்கள். உண்மை. கல்யாணமாகிப் போனவள் என்றால் பிறந்த வீட்டுக்குத் தீட்டு நாளே குறைவு. மார்ச் 20 கட்டத்தில் "பிறந்த வீட்டுக் கோடி நான்தான் போட்டேன், வேறு யார் இருக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது, அப்பா அம்மா வீட்டில் மிச்சமிருந்த கடைசி ஆள் நீங்கள். சின்ன வயதில் உங்களைக் கூப்பிட்ட பெயரால் கூப்பிட இனி ஆளில்லை. ஊர் முறைப்படி துக்கம் கேட்க வேண்டிய வரிசையில் இடம் கிடைக்காத இப்படிப்பட்ட இழப்புகளைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் 1980களிலேயே எழுதியிருக்கிறார். "உரிமை மறுக்கப்பட்ட துக்கம்" என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆக, இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் இல்லை.

சிரிக்கிறவளுக்கு இருப்பது துக்கம்தானா என்ற கேள்விக்கும் உங்கள் காலண்டரிலேயே பதில் இருக்கிறது. மே 21: "பேத்தி. 3.1 கிலோ. அக்காவுக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டேன்." இந்த ஒரே கட்டத்தில் எது சந்தோஷம், எது துக்கம் என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்று நெதர்லாந்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள். துக்கம் படிப்படியாக இறங்கி முடிகிற மாடிப்படி என்ற எண்ணத்துக்கு மாறாக, 1999இல் அவர்கள் ஊஞ்சலைப் போன்ற ஒரு விளக்கத்தைச் சொன்னார்கள். மனசு ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகும். இன்னொரு நேரம் குழந்தைக்குப் பால் கலக்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும் என்று வாழ்க்கையின் பக்கம் வரும். இப்படிப் போய்ப் போய் வருவதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் எங்களுக்குக் கவலை. புதுச்சட்டையும் குளியலறை அழுகையும் ஒரே காலைப்பொழுதில் வந்தது அந்த ஊஞ்சல்தான்.

புதுச்சட்டை குற்றமா என்றால், நான் டாக்டர், ஐயர் இல்லை. ஒரு வருஷம் பண்டிகை இல்லை என்ற முறை வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மாதக் குழந்தைக்குத் தீட்டுப் பார்க்கும் பெரியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எப்போது இதை நோய் என்போம்? ஒரு வருஷம் கழிந்த பிறகும், அநேகமாகத் தினமும், போனவரைத் தேடும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், தினசரி வேலை செய்ய முடியாமல், வாழ்வதில் பொருளே இல்லை என்று இருந்தால். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2022இல்தான் இதைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. மார்ச்சில் தலைத்திவசம் வருகிறது. அதை ஒட்டிய வாரங்களில் எல்லாம் மறுபடி கிளறிக்கொண்டு வரும், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். அதைத் தாண்டியும் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கென்று பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது.

நல்ல வருஷமா, கெட்ட வருஷமா? மகளுக்கு உங்களை அழவிடப் பிடிக்கவில்லை, அதனால் 2025க்கு ஒரு மதிப்பெண் போட்டு மூடிவிடப் பார்க்கிறாள். பேத்தியை ஒரு தட்டிலும் அக்காவை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க முடியாது. நிறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது காலண்டரைச் சுருட்டி எடுத்துப் போங்கள். ஜூலை, நவம்பர், டிசம்பர் பக்கங்களை மட்டும் காட்டினால் போதும். மற்றவை உங்களுடையவை.

கடைசியாக அந்த "ந". நடைக்குப் போங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் ஏன் போகவில்லை என்பதை ஏப்ரல் 2 சொல்கிறது: "காப்பிக்கடைப் பக்கம் போகவில்லை. அங்கிள் ரெண்டு விரல் காட்டுவார்." நடை முடிந்து நீங்கள் இருவரும் வாங்கும் இரண்டு தே ஓ கொசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். தண்ணீர்க்கடைச் சீன அங்கிள் தூரத்திலேயே உங்களைப் பார்த்து, "ரெண்டா?" என்று விரலைத் தூக்குவார். "உன் அக்கா எங்கே?" என்று கேட்பார். அதற்குப் பயந்து பூங்காவையே ஒன்பது மாதமாக விட்டுவிட்டீர்கள்.

மருமகனை அனுப்புங்கள். இந்த வாரமே ஒருநாள் அவர் போய், அங்கிளிடம் நடந்ததைச் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதற்கு அடுத்த நாள் பூங்காவின் முதல் பாலம்வரை நடந்தால் போதும், பத்து நிமிஷம்தான். அத்தானையும் கூப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் தினமும் கொண்டுபோய் வைக்கும் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வாசலிலேயே வைத்துவிடுகிறார், முகத்தைக் காட்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரமாட்டேன் என்பார். டப்பாவுக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: நாளைக்கு ஆறரை, புளோக்குக்குக் கீழே.

வந்தால், அங்கிளிடம் இரண்டு. வராவிட்டால் ஒன்று. இரண்டுமே கொசோங்.